சொல்லிவைத்த சிவப்பும் சொல்லாத குமட்டலும்

காசநோய் மாத்திரையை முதன்முதலாக விழுங்கியவர் சில மணி நேரத்தில் கழிப்பறையில் திகைத்து நிற்பார். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், சிலருக்குச் சிவப்பாகவே போகும். கண்ணீரும் வியர்வையும்கூட லேசாக நிறம் மாறலாம். ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் சாயம் அது. ரத்தமில்லை, கெடுதலும் இல்லை. இதைப் பார்த்து மிரண்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக, அட்டையைக் கையில் கொடுக்கும்போதே சுகாதாரப் பணியாளர் சொல்லிவைப்பார்: "ஒன்னுக்கு சிவப்பாப் போகும், பயந்துடாதீங்க."

மனச்சோர்வுக்கான மாத்திரையை முதன்முதலாக விழுங்கியவருக்கும் உடம்பில் ஏதேதோ நடக்கும். வயிற்றைப் பிரட்டும். தலை வலிக்கும். தூக்கம் வராது, அல்லது வந்த தூக்கம் தெளியாது. காரணமில்லாமல் படபடவென்று இருக்கும். இவையும் மருந்தின் சாயம்தான், பெரும்பாலானவை ஓரிரு வாரத்தில் வெளுத்துவிடும். ஆனால் கூட்டம் நெரியும் புறநோயாளர் பிரிவில் இதை உட்காரவைத்துச் சொல்ல நேரம் வாய்ப்பது அபூர்வம். நான்காம் நாள் அந்த அட்டை அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது.

இந்த இரண்டு மாத்திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று கிருமியைக் கொல்வது, மற்றது மூளை நரம்புகளின் பேச்சுவார்த்தையைத் திருத்துவது. ஒப்பிட என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இரண்டும் நோயாளியிடம் கேட்பது ஒன்றையே: உடம்பு முரண்டு பிடித்தாலும் மாதக்கணக்கில் நாள் தவறாமல் விழுங்கு. டி.பி.காரரிடம் இதைக் கேட்கும் சமூகம் கூடவே வந்து நிற்கிறது. மனச்சோர்வுக்காரரிடம் கேட்டுவிட்டு வாசலோடு திரும்பிவிடுகிறது.

பக்கத்துப் பக்கத்து அறை

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டைக்குச் சற்று முன்னால் வருவது புதுவாயல். மேற்கே பெரியபாளையத்துக்குச் சாலை பிரிகிறது. வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட், இரும்பை உருக்கும் ஃபர்னஸ்களும் கம்பி உருட்டும் ரோலிங் மில்களும். ஒடிசா, பிகார் என்று எங்கிருந்தோ வந்தவர்களும் உள்ளூர்க்காரர்களும் ஷிஃப்ட் கணக்கில் வாழும் வட்டாரம்.

இங்கே ஒரு லைன் வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் இரண்டு பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவரும் ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் ஆட்கள். ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். சளியைப் பார்த்ததில் டி.பி. என்று தெரிகிறது. மற்றவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை. மனச்சோர்வு.

இரண்டு வாரம் என்ற அளவு இரண்டு நோய்க்கும் பொது. இருமல் அதைத் தாண்டினால் சளிப் பரிசோதனை என்பது ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரொட்டி வரை எட்டிய பாடம். மனச்சோர்வைக் கணிக்கவும் மருத்துவப் புத்தகம் அதே இரண்டு வாரத்தைத்தான் சொல்கிறது. ஆனால் அதற்கான சுவரொட்டியைப் பார்ப்பது அரிது. முதலாமவரின் நாட்களை யாரோ எண்ணுகிறார்கள், இரண்டாமவரின் நாட்கள் எண்ணாமலே கழிகின்றன.

புதுவாயல் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கு டி.பி.யை எண்ணுவது புதிதல்ல. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய புகழ்பெற்ற பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு இந்தப் பகுதியின் கிராமங்களையும் திருவள்ளூர் நகரத்தையும் உள்ளடக்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றார்கள். 1999இல் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் மாதிரித் திட்டத்துக்குச் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையம் தேர்ந்தெடுத்ததும் இந்த மாவட்டத்தைத்தான். அவ்வளவு காலமாகச் சேர்த்த பழக்கம்தான் "பயந்துடாதீங்க" என்ற ஒரு சொல்லாக இன்று நோயாளியின் காதில் விழுகிறது.

ஒரே வயிற்றுப் பிள்ளைகள்

மனச்சோர்வு மருந்தின் கதை ஒரு டி.பி. ஆஸ்பத்திரியில்தான் தொடங்குகிறது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் இருந்த சீ வியூ மருத்துவமனையில் 1952 வாக்கில் ஐசோனியாசிட், இப்ரோனியாசிட் என்ற இரண்டு புதிய காசநோய் மருந்துகளைச் சோதித்தார்கள். சாவை எதிர்பார்த்துப் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், பசிக்கிறது என்றார்கள், வார்டில் ஆடினார்கள். சளி சுத்தமாவதற்கு முன்பே முகம் மலர்ந்தது கவனத்தை ஈர்த்தது. இப்ரோனியாசிட்டின் பக்கவிளைவு அந்த மலர்ச்சி. நேதன் கிளைன் என்ற மனநல மருத்துவர் 1957இல் அதை மனச்சோர்வுக்கே கொடுத்துப் பார்த்துப் பலன் கண்டார். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன், இமிப்ரமின் என்ற இன்னொரு மருந்தைப் பற்றி அறிவித்தார். மனச்சோர்வுக்கு மாத்திரை என்ற எண்ணமே அப்படித்தான் பிறந்தது.

கல்லீரலைக் கெடுத்ததால் இப்ரோனியாசிட் சில ஆண்டுகளில் ஓரங்கட்டப்பட்டது. உடன்பிறப்பான ஐசோனியாசிட் இன்றும் நம் டி.பி. மாத்திரைக்குள் இருக்கிறது. புதுவாயல் அறையில் முதலாமவர் விழுங்குவது, இரண்டாமவர் விழுங்கும் மாத்திரை வகையின் முன்னோடிக்குச் சகோதரன்.

டி.பி. மாத்திரைக்கு அடுத்த திருப்பம் சென்னையில் நேர்ந்தது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு மையம் தொடங்கின. அன்றைய நம்பிக்கை, காசநோயாளி சானடோரியத்தில் படுக்க வேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு வேண்டும் என்பது. நெருக்கடியான வீட்டில் அரைவயிற்றோடு இருப்பவருக்கு மாத்திரை மட்டும் கொடுத்தால் போதுமா? 193 நோயாளிகளைப் பிரித்து ஒரு பகுதியினரை வீட்டிலும் மறு பகுதியினரை சானடோரியத்திலும் வைத்துப் பார்த்தார்கள். 1959இல் வெளிவந்த முடிவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களோடு வசித்த குடும்பத்தினருக்கும் தொற்று கூடிவிடவில்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் அந்த மையம் மாத்திரையைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். மாத்திரை நல்லதாக இருந்தால் போதாது, மனிதன் அதை விழுங்குவதும் ஒரு அறிவியல் கேள்வி என்பதைப் புரிந்துகொண்டது அந்த வேலையில்தான். மனச்சோர்வு மருந்துக்கு அந்தக் கேள்வி அவ்வளவு அழுத்தமாக எழவில்லை. 1987 இறுதியில் ஃப்ளூவாக்சடின் அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் அந்த வகை மருந்துகள் உலகெங்கும் பரவின. எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் என்று இங்கும் வந்தன. மாத்திரை வீட்டுக்குள் வந்தது, ஆள் வரவில்லை.

நலம் முந்துமா, வலி முந்துமா

டி.பி. மாத்திரை தொடங்கிய சில வாரத்தில் காய்ச்சல் விடும், இருமல் குறையும், பசி வரும். ஆறு மாதப் பயணத்தில் நலம் முன்னாலேயே வந்துவிடுகிறது. அதனால் வரும் ஆபத்தும் தனி: "சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு?" நலத்தால் மாத்திரையை விடுகிறார்கள்.

மனச்சோர்வு மாத்திரையில் இது தலைகீழ். பக்கவிளைவு முதல் நாளே வரும். நலமோ இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும், முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகலாம். இடைப்பட்ட நாட்களில் மனிதன் பழைய நோயையும் புதிய தொந்தரவையும் சேர்த்துச் சுமக்கிறான். முதல் வாரத்தில் வலியால் விடுகிறார்கள். தப்பித் தொடர்ந்தவர்கள், டி.பி.காரரைப் போலவே, மூன்றாம் மாதம் நலத்தால் விடுகிறார்கள். ஒரு பள்ளத்துக்குப் பதில் இரண்டு பள்ளம்.

குமட்டல் ஏன் வருகிறது என்பதைச் சொல்ல நான்கு வாக்கியம் போதும். இந்த மாத்திரைகள் செரடோனின் என்ற பொருளோடு வேலை செய்கின்றன. உடம்பின் செரடோனினில் பத்தில் ஒன்பது பங்கு மூளையில் இல்லை, குடலில் இருக்கிறது. மாத்திரை எங்கே போக வேண்டும் என்று பார்த்துப் போவதில்லை, முதலில் வயிறு அதிர்கிறது. சாப்பிட்ட பிறகு போட்டால், குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினால், அந்த அதிர்வு குறையும். இதைக் கேட்டுக்கொண்டு போனவருக்கு நான்காம் நாள் குமட்டல் ஒரு சகுனமாகத் தெரியாது. கேட்காதவருக்கு? நம் ஊரில் தயாராக ஒரு விளக்கம் இருக்கிறது: "பவர் மாத்திரை, உடம்புக்குச் சூடு, ஒத்துக்கல."

டி.பி. மாத்திரையின் தொந்தரவுகளும் சின்னவை அல்ல. கை கால் மதமதப்பு ஐசோனியாசிட்டால் வரும், அதற்கு பி6 வைட்டமின் கூடவே தரப்படும். மூட்டுவலி பைரசினமைடால். கண் மங்கினால் எத்தாம்புடால். கண் மஞ்சளாகி வாந்தியும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு. எதைப் பொறுக்கலாம், எதற்கு ஓட வேண்டும் என்ற பிரிவினை இங்கே தெளிவாக இருக்கிறது.

மனச்சோர்வு மாத்திரைக்கும் அதே பிரிவினை உண்டு. குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, வாய் வறட்சி, லேசான நடுக்கம் பொறுத்திருக்க வேண்டியவை. தாம்பத்திய ஆசை குறைவது, உச்சம் தாமதமாவது ஆகியவை குமட்டலைப் போலத் தானாகப் போய்விடுவதில்லை. வெட்கத்தை விட்டு மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற முடியும். ஆண்கள் சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை விடும் காரணங்களில் இது முக்கியமானது. ஓட வேண்டிய அறிகுறிகளோ வேறு: உட்கார முடியாத தவிப்பு, சாகலாம் என்ற எண்ணம் புதிதாகவோ கூடுதலாகவோ வருவது, தூக்கமே இல்லாமல் அளவுகடந்த உற்சாகம், ஜுரத்தோடு உடம்பு விறைத்து நடுங்குவது. 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இலும் 2007இலும் கட்டம் கட்டி எச்சரித்தது. முதல் மாதம் கூட ஓர் ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

"காலையில் ஒன்னு" என்றால் எப்போது?

நம் இரண்டாமவரின் சீட்டில் "காலை, சாப்பிட்டபின்" என்று எழுதியிருக்கிறது. இரவு ஷிஃப்ட் முடித்து ஏழு மணிக்கு வந்து, டீயும் பன்னும் தின்று படுப்பவருக்கு அது காலையா, இரவா? தூக்கத்தைக் கெடுக்காமல் இருக்கத்தான் பலருக்கும் இதைக் காலையில் போடச் சொல்கிறார்கள். இவர் படுக்கப் போகும்போது போட்டால் தூக்கமும் போகலாம். இவருக்குக் காலை என்பது மதியம் எழுந்து சாப்பிடும் நேரம். அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். "நீங்க எப்போ தூங்கி எழுவீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

ஃபர்னஸ் பக்கம் நிற்பவருக்கு இன்னொரு சங்கடம். இந்த மாத்திரைகள் சிலருக்கு வியர்வையைக் கூட்டும். ஏற்கெனவே சட்டை பிழியப் பிழிய வேலை செய்கிறவர் தலைசுற்றி உட்கார்ந்தால் வெக்கையா, மாத்திரையா என்று யாருக்குத் தெரியும்? பல சீட்டுகளில் எஸ்சிட்டலோப்ராமோடு குளோனசெபாமும் சேர்ந்திருக்கும், சில நேரம் ஒரே மாத்திரையாகவே. முதல் வாரங்களின் படபடப்பைத் தணிக்க அது உதவும். ஆனால் மந்தத்தைத் தரும், நீண்ட நாள் போட்டால் பழக்கமாகிவிடும். சூடான கம்பி பாம்பாகப் பாய்ந்து வரும் இடத்தில் நிற்பவரும் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவரும் இதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். எஸ்சிட்டலோப்ராம், குளோனசெபாம் இரண்டுக்கும் "தூக்க மாத்திரை" என்று ஒரே பெயர் வைத்துவிடுவதால் விபரீதமும் நடக்கிறது: தொடர வேண்டியதை நிறுத்திவிட்டு, நிறுத்த வேண்டியதைக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள்.

கூட நிற்பவர்

டி.பி.காரருக்கு ஓர் எண் கிடைக்கிறது, பதிவேட்டில் பெயர் ஏறுகிறது. மாத்திரை இலவசம். சத்துணவுக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2022இல் தமிழகம் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோயாளி எவ்வளவு பலவீனமாக இருக்கிறார் என்று தொடக்கத்திலேயே பார்த்து ஆபத்தானவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. ஒரு நாள் வராவிட்டால் யாராவது தேடி வருகிறார்கள்.

இரண்டாமவரை யாரும் தேடுவதில்லை. 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு போன்ற பரவலான மனநலச் சிக்கல்கள் உள்ளவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. எட்டியவர்களிலும், முதல் மருந்திலேயே முழுக்கத் தேறுபவர் மூன்றில் ஒருவர் அளவுதான் என்கிறது அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு. அதாவது மருந்தை மாற்றுவது தோல்வியல்ல, சிகிச்சையின் இயல்பான படி. இதுவும் சொல்லிவைக்க வேண்டிய செய்தி.

இரண்டு நோயையும் ஒரே தட்டில் வைத்த ஓர் அரசுத் தாள் உண்டு. ஈ.எஸ்.ஐ. நீண்டகால நோய்ப் பயனுக்கான 34 நோய்களின் பட்டியலில் காசநோயும் இருக்கிறது, கடும் மனச்சோர்வின் ஒரு வகையும் இருக்கிறது. தகுதி பெற்ற தொழிலாளிக்குக் கூலியில் 80 சதவீதம் கிடைக்கும். ஆனால் தகுதிக்கு இரண்டு ஆண்டுத் தொடர் வேலையும் சந்தாக் கணக்கும் வேண்டும். காண்ட்ராக்ட் மாறிக்கொண்டே இருப்பவருக்கு அந்தத் தாள் கண்ணாடிக்குள் இருக்கும் பலகாரம். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள், கூலி போகும் நாள்.

ஒப்புமை முறியும் இடம்

டி.பி.யில் அரசு கூட நிற்பதற்குக் கருணை மட்டும் காரணமில்லை. அவர் இருமினால் எனக்கு வரும் என்ற அச்சமும் காரணம். மனச்சோர்வு தொற்றுவதில்லை, அதனால் பிறருக்கு அவசரமில்லை. கண்ணாடித் தகட்டில் வைத்த சளியில் கிருமி தெரிகிறது, மனச்சோர்வுக்கு அப்படி ஒரு தகடு இல்லை. கேள்வி கேட்டு, பதில் கேட்டுத்தான் கணிக்க முடியும்.

களங்கமும் இரண்டுக்கும் ஒன்றல்ல. டி.பி. என்றால் தட்டையும் டம்ளரையும் தனியே வைப்பார்கள். மனநோய் என்றால் "கீழ்ப்பாக்கம்" என்ற ஒற்றைச் சொல்லில் ஆளையே தனியே வைத்துவிடுவார்கள். 1794இல் தொடங்கிய ஒரு மருத்துவமனையின் பேட்டையை நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். பெரியபாளையத்து அம்மனிடம் வேப்பஞ்சேலை நேர்ந்துகொள்வதைச் சொல்லலாம், கீழ்ப்பாக்கத்து மாத்திரையைச் சொல்லக் கூடாது. கோயிலுக்குப் போவதும் மாத்திரை போடுவதும் ஒன்றையொன்று தடுப்பதில்லை என்று அந்தக் குடும்பத்துக்கு யாராவது சொல்ல வேண்டும்.

நிறுத்தும் விதமும் வேறு. டி.பி. மாத்திரை குறித்த நாளில் ஒரே நாளில் முடிகிறது, பாதியில் விட்டால் கிருமி முரடாகிறது. மனச்சோர்வு மாத்திரையை நலம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்து, மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற வெட்டு வரலாம். அதைப் பழைய நோய் திரும்பியதாகவோ, மாத்திரைக்கு அடிமையானதாகவோ எண்ணிக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட, டி.பி. முறையின் காவல்காரத்தனத்தை இங்கே கொண்டுவர முடியாது. கண் முன்னால் விழுங்கு, வாயைத் திற என்பது மனம் நொந்தவருக்கு இன்னொரு அவமானம். இரவல் வாங்க வேண்டியது மாத்திரையை எண்ணுபவரை அல்ல, முன்கூட்டிச் சொல்பவரை.

ஒரே உடம்பில் இரண்டும்

சுவர் ஒன்று இடையில் இருப்பதாக இதுவரை பேசினோம். உண்மையில் டி.பி. வந்தவர்களிடம் மனச்சோர்வு மிகவும் சகஜம். இரண்டு அட்டையும் ஒரே தலையணைக்கு அடியில் இருப்பதுண்டு. அப்போது மருந்துகளே மோதிக்கொள்ளும். சிறுநீரைச் சிவப்பாக்கும் ரிஃபாம்பிசின், மனச்சோர்வு மருந்துகள் பலவற்றைக் கல்லீரல் வேகமாகக் கரைத்துவிடும்படி செய்து பலனைக் குறைக்கும். மருந்துக்கு அசையாத டி.பி.க்குத் தரும் லினசோலிட், செரடோனின் மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்தாகலாம். ஒரு சீட்டு எழுதுபவருக்கு மற்ற சீட்டு தெரிந்தாக வேண்டும். மேல்வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக்கையும் சொல்ல வேண்டும், மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வாய்ப்பைக் கூட்டும்.

கூட நிற்க ஆள் வேண்டும் என்பதற்கு எல்லா ஊரிலும் மனநல மருத்துவர் வேண்டும் என்று பொருளில்லை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் பட்டமில்லாத உள்ளூர் ஆலோசகர்களைப் பயிற்றுவித்து அமர்த்தியபோது மனச்சோர்வு, பதற்ற நோயாளிகள் கூடுதலாகத் தேறியதை 2010இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இங்கே 2021இலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. நடந்து பழகிய அந்தக் கால்களுக்கு லைன் வீட்டின் அடுத்த கதவு தூரமில்லை. அதுவரைக்கும் 14416 என்ற இலவச எண்ணில் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை இரவும் பகலும் எடுக்கிறது. இரவு ஷிஃப்ட் இடைவேளையிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

அந்தக் கதவு திறந்தால் சொல்ல வேண்டியது நீளமானதல்ல. "நாலஞ்சு நாள் வயித்தப் பெரட்டும். சாப்பிட்டுப் போடுங்க. பத்து நாளாச்சுன்னா அடங்கும். மனசு தெளிய மாசம் ஆகும், நடுவுல விட்டுடாதீங்க. சாகணும்னு தோணுச்சுன்னா அந்த நிமிஷமே எனக்கு போன் பண்ணுங்க. அடுத்த வாரம் வரேன்." பக்கத்து அறையில் சிவப்புச் சிறுநீரைப் பார்த்துவிட்டு ஒருவர் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பது, இதைப் போன்ற நாலு வாக்கியத்தை யாரோ அவரிடம் முன்பே சொல்லிவைத்ததால்தான்.